கிளாரிஃபை கேட்டு எழுதினால் குழப்பம் கூடுகிறதா? வந்த பதிலைப் பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வைத்திருப்பவர்கள், காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடை நடத்துபவர்கள், கானாடுகாத்தானில் பெரிய வீடுகளைத் தங்கும் விடுதியாக மாற்றியிருப்பவர்கள், மேற்படிப்புக்கு வெளியூர்ப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் என்று நம் செட்டிநாட்டுப் பக்கம் பலருக்கும் இப்போது ஆங்கிலத்தில் மெயிலும் வாட்ஸ்அப் செய்தியும் அன்றாட வேலை. அவற்றில் அடிக்கடி தலைகாட்டும் வினைச்சொல் கிளாரிஃபை. தெளிவுபடுத்து என்பது பொருள். பொருள் தெரிந்திருந்தும் கடிதம் சிக்கிக்கொள்கிறது. ஒரே கேள்விக்கு நான்கு தடவை மெயில் போய் வருகிறது, ஆர்டர் தள்ளிப்போகிறது, சில நேரம் மனத்தாங்கலும் வந்துவிடுகிறது.

இலக்கண விதியிலிருந்து தொடங்கினால் இதைச் சரிசெய்வது கஷ்டம். எதிர்ப்பக்கத்திலிருந்து என்ன பதில் வந்தது என்று பார்த்தால் கோளாறு எங்கே என்று தெரிந்துவிடும். உங்களுக்கு வந்த பதில் கீழே எந்தத் தலைப்போடு ஒத்துப்போகிறதோ, நேராக அங்கே போங்கள்.

அறிகுறி: "எதைத் தெளிவுபடுத்த வேண்டும்?" என்று திருப்பிக் கேட்கிறார்கள்

நீங்கள் "பிளீஸ் கிளாரிஃபை" என்று இரண்டே சொல்லில் முடித்திருப்பீர்கள். இதுதான் மிகச் சாதாரணமாக வரும் கோளாறு. பண இழப்பில் கொண்டுபோய் விடுவதும் பெரும்பாலும் இதுதான்.

நேரில் பேசும்போது "கொஞ்சம் தெளிவாச் சொல்லுங்க" என்று மொட்டையாகக் கேட்டாலும் வேலை நடக்கும். எந்த இடத்தில் நிறுத்திக் கேட்டோம் என்பது எதிரே இருப்பவருக்குத் தெரியும். மெயிலில் அது தெரியாது. ஆங்கிலத்தில் இப்படி எழுதிக் கேட்கும்போது இந்த வினைக்குச் செயப்படுபொருள் வேண்டும். கலங்கலாக இருக்கும் விஷயம் எதுவோ, அது வினைக்கு அடுத்தே வந்து நிற்க வேண்டும்.

ஒரு உதாரணம். வெளிநாட்டிலிருந்து ஒருவர் ஆத்தங்குடிப் பட்டறைக்கு எழுதுகிறார்: 10 அங்குலச் சதுர டைல், சிவப்பில் பூ வேலை, 500 வேண்டும். இந்த 500 என்பது 500 டைலா, 500 சதுர அடியா? 10 அங்குல டைல் ஒன்றின் பரப்பு 100 சதுர அங்குலம். ஒரு சதுர அடி என்பது 144 சதுர அங்குலம். ஆக, 500 டைல் போட்டால் 347 சதுர அடிதான் நிரம்பும். 500 சதுர அடிக்கு 720 டைல் வேண்டும், உடைசலுக்குக் கூடுதலாக வைப்பது தனி. இரண்டுக்கும் நடுவே 220 டைல் வித்தியாசம். கையால் ஒவ்வொன்றாகச் செய்கிற சரக்கில் இது சின்ன வித்தியாசம் இல்லை. கப்பலில் போன பிறகு தெரியவந்தால் இன்னும் மோசம். அடுத்த தொகுதியில் அதே சிவப்பு அச்சு அசலாக வரும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

இந்த இடத்தில் "பிளீஸ் கிளாரிஃபை" என்று மட்டும் போட்டால், நிறத்தைக் கேட்கிறார் என்று நினைத்து அவர் நிறத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதுவார். எழுத வேண்டியது இது:

"குட் யூ பிளீஸ் கிளாரிஃபை வெதர் யூ நீட் 500 டைல்ஸ் ஆர் 500 ஸ்கொயர் ஃபீட்?"

அதாவது, உங்களுக்கு 500 டைல் வேண்டுமா, 500 சதுர அடி வேண்டுமா என்பதைத் தெளிவுபடுத்த முடியுமா? கேள்விக்குள்ளேயே இரண்டு விடையும் இருக்கிறது. அவர் ஒன்றைத் தொட்டுக் காட்டினால் போதும். இரண்டில் ஒன்று என்றால் வெதர். மற்றபடி விச், வாட், ஹவ், வென் என்று கேள்விச் சொல் எதுவும் இந்த வினைக்குப் பின்னால் ஒட்டும். "பிளீஸ் கிளாரிஃபை விச் போர்டர் யூ ப்ரிஃபர்" என்றால் எந்த பார்டர் என்று மட்டும் பதில் வரும். கேள்விச் சொல் வேண்டாம் என்றால் வெறும் பெயர்ச்சொல்லும் நிற்கும்: "பிளீஸ் கிளாரிஃபை த குவான்டிட்டி."

இரண்டு மூன்று விஷயம் கலங்கலாக இருந்தால் ஒரே வாக்கியத்தில் திணிக்க வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி, வரிக்கு ஒரு எண். எண் போட்டால் எண் வாரியாகப் பதில் வரும்.

அறிகுறி: பதில் வருகிறது, ஆனால் உங்கள் வாக்கியத்தைத் திருத்தி மேற்கோள் காட்டுகிறார்கள்

"பிளீஸ் கிளாரிஃபை மீ" என்று எழுதியிருக்கிறீர்களா பாருங்கள். தமிழில் "எனக்குத் தெளிவுபடுத்துங்கள்" என்பது சுத்தமான வாக்கியம். அந்த எனக்கு என்பதை அப்படியே மீ என்று மாற்றி வினையை ஒட்டிப் போட்டதால் வந்த வினை இது. வினையை ஒட்டி நிற்பதுதான் தெளிவாகப்போகும் பொருள் என்று ஆங்கிலம் எடுத்துக்கொள்ளும். நீங்கள் எழுதியபடி பார்த்தால் கலங்கி நிற்பது நீங்கள், உங்களையே தெளிய வைக்க வேண்டும் என்று ஆகிறது.

விஷயத்தை முதலில் வைத்து, ஆளைப் பின்னால் தள்ளுங்கள். "பிளீஸ் கிளாரிஃபை திஸ் ஃபார் மீ." டூ மீ என்றாலும் பிழையில்லை, ஃபார் மீ காதுக்கு இயல்பாக இருக்கும். பல இடங்களில் ஆளைக் குறிக்கவே தேவையில்லை. மெயில் உங்களிடமிருந்து போகிறது, விளக்கம் உங்களுக்குத்தான் வரும்.

எக்ஸ்பிளெயின் என்ற வினைக்கும் இதே கதைதான். "எக்ஸ்பிளெயின் மீ" கிடையாது, "எக்ஸ்பிளெயின் இட் டூ மீ". ஆனால் டெல், ஷோ, கிவ் மூன்றும் மீ-யைப் பக்கத்திலேயே சேர்த்துக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் நாம் முதலில் படித்தவை இந்த மூன்றும்தான் என்பதால் எல்லா வினையும் அப்படித்தான் என்று கை பழகிவிடுகிறது.

அப்புறம் அபௌட். "கிளாரிஃபை அபௌட் த டெலிவரி" என்று எழுத வேண்டாம். அபௌட்டை எடுத்துவிட்டு "கிளாரிஃபை த டெலிவரி டேட்" என்று எழுதுங்கள். நம் "பற்றி" அங்கே தேவைப்படாது. அதுவே பெயர்ச்சொல்லாகக் கிளாரிஃபிகேஷன் என்று போட்டால் ஆன் அல்லது அபௌட் வரலாம்: "வீ நீட் எ கிளாரிஃபிகேஷன் ஆன் த டெலிவரி டேட்." வினை என்றால் வேண்டாம், பெயர் என்றால் சேரும், அவ்வளவுதான்.

அறிகுறி: வாடிக்கையாளர் மனம் சுணங்கி எழுதுகிறார், "என் மேல் சந்தேகமா?" என்கிற தொனி

கோளாறு கிளாரிஃபை-யில் இல்லை, அதோடு ஜோடியாக வந்த டவுட்டில் இருக்கிறது. "ஐ ஹேவ் எ டவுட், பிளீஸ் கிளாரிஃபை" என்பது நம் வகுப்பறை ஆங்கிலம். பள்ளியிலும் கல்லூரியிலும் டவுட் கேட்பது என்றால் கேள்வி கேட்பதுதான். இந்தியாவுக்குள் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், நம்மூர் ஆசிரியருக்கு அப்படியே எழுதலாம்.

ஆனால் பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ டவுட் என்றால் நம்பிக்கைக் குறைவு. "ஐ ஹேவ் எ டவுட் அபௌட் யுவர் பேமென்ட்" என்று ஒருவருக்கு எழுதினால், பணம் தருவாரா மாட்டாரா என்று நீங்கள் சந்தேகப்படுவதாகத்தான் படிப்பார். நீங்கள் கேட்க வந்தது எந்த வங்கி வழியாக அனுப்புகிறார் என்பதாக இருக்கும். "ஐ ஹேவ் எ கொஸ்டின் அபௌட் யுவர் பேமென்ட்" என்று மாற்றிவிட்டால் எந்த உரசலும் இல்லை. தொடர்ந்து, "குட் யூ கிளாரிஃபை விச் பேங்க் யூ ஆர் யூசிங்?"

ஏற்கெனவே டவுட் என்று எழுதி அவர் சுணங்கிவிட்டால் நீளமாக மன்னிப்புக் கேட்டு எழுத வேண்டாம். எங்கள் பக்கம் அந்தச் சொல்லைக் கேள்வி என்ற பொருளில்தான் பயன்படுத்துவோம் என்று ஒரு வரி எழுதி, கேள்வியைத் திரும்ப வையுங்கள்.

அறிகுறி: "நான் எதுவும் சொல்லவே இல்லையே, எதைத் தெளிவுபடுத்துவது?" என்று விழிக்கிறார்கள்

இங்கேதான் சொல்லின் உள்ளே போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது. இலத்தீனில் கிளாரஸ் என்றால் தெளிவானது, ஒளியுள்ளது. அதிலிருந்து பிறந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த வினை இது. கலங்கிய திரவத்தைத் தெளிய வைப்பது என்ற பொருள் இன்றும் உயிரோடு இருக்கிறது. நகராட்சிக் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் மண்டியைக் கீழே தங்கவைக்கும் பெரிய தொட்டிக்குக் கிளாரிஃபையர் என்றுதான் பெயர்.

நம் ஊர்களில் இதே வேலையைத் தேற்றாங்கொட்டை செய்தது. ஊருணியிலிருந்து எடுத்துவந்த நீர் மழைக்குப் பிறகு செம்மண் கலந்திருக்கும். மண்பானையின் உட்புறத்தில் கொட்டையை நன்றாக இழைத்துவிட்டு நீரை ஊற்றி வைப்பார்கள். கொஞ்ச நேரத்தில் கலங்கல் அடியில் தங்கி, மேலே நீர் தெளிந்து நிற்கும். பானைக்குள் இருக்கும் நீர் ஊருணியில் எடுத்த அதே நீர்தான், புதிதாக நீர் எதுவும் ஊற்றவில்லை. கிளாரிஃபை என்ற வினையையும் இப்படியே வைத்துக்கொள்ளுங்கள். பானையில் நீர் இருந்தால்தான் தெளிய வைக்க முடியும். யாரோ ஏதோ சொல்லியிருக்க வேண்டும், எழுதியிருக்க வேண்டும், அது கலங்கலாக இருக்க வேண்டும். அப்போதுதான் இந்த வினைக்கு வேலை.

ஒன்றுமே தெரியாத நிலையில் முதல் தடவையாகக் கேட்பதற்கு எக்ஸ்பிளெயின் இருக்கிறது. ஆத்தங்குடி டைல் எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள விரும்பும் ஒருவர் "பிளீஸ் கிளாரிஃபை ஹவ் யூ மேக் தி டைல்ஸ்" என்று எழுதினால், முன்பு சொன்ன விளக்கம் சரியில்லை என்று குறை சொல்வது போல இருக்கும். "பிளீஸ் எக்ஸ்பிளெயின்" என்பதே சரி. பட்டறைக்காரர் விளக்குவார்: கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டம் வைத்து, அதற்குள் பூ வேலைக்கான உலோக அச்சை இறக்கி, அச்சின் ஒவ்வொரு அறையிலும் நிறம் கலந்த சிமென்ட் கரைசலை ஊற்றுகிறோம். அச்சை மெதுவாகத் தூக்கிவிட்டு, மேலே காய்ந்த மணல் சிமென்ட் கலவையைத் தூவி, அப்புறம் ஈரக் கலவையால் நிரப்பி மட்டப்படுத்துகிறோம். காய்ந்த பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊற வைக்கிறோம். கண்ணாடியோடு ஒட்டியிருந்த முகம்தான் டைலின் பளபளப்பான மேல்முகம்.

இதைப் படித்துவிட்டு வாடிக்கையாளருக்கு ஒரு இடம் மட்டும் புரியவில்லை என்று வையுங்கள். சூளையில் சுடுவதுண்டா, இல்லையா? இப்போது அவர் கிளாரிஃபை கேட்கலாம்: "குட் யூ கிளாரிஃபை வெதர் தி டைல்ஸ் ஆர் ஃபயர்ட்?" பதில், சுடுவதில்லை, நீரில் ஊறித்தான் கெட்டிப்படுகிறது. முதலில் எக்ஸ்பிளெயின், அதில் ஒட்டாமல் நின்ற இடத்துக்குக் கிளாரிஃபை என்பதுதான் வரிசை.

கானாடுகாத்தானில் வீடு சுற்றிக் காட்டும் பிள்ளைகளுக்கும் இது உதவும். முகப்பு, வளவு என்று சொல்லிக்கொண்டு போகும்போது பயணி முழித்தால் "ஷல் ஐ எக்ஸ்பிளெயின்?" என்று கேளுங்கள். சொன்ன பிறகும் வளவு என்பது முற்றமா, முற்றத்தைச் சுற்றிய பகுதியும் சேர்த்தா என்று அவர் குழம்பினால் "லெட் மீ கிளாரிஃபை."

அறிகுறி: "இது தெளிவுபடுத்துவது இல்லை, பேச்சு மாறுவது" என்று கோபப்படுகிறார்கள்

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான். இங்கே ஆங்கிலப் பிழை ஒன்றும் இல்லை, வாக்கியம் சுத்தமாக இருக்கும். நாணயம் கேள்விக்குள்ளாகிவிடுகிறது. கொடுத்த வார்த்தையில் நின்று தொழில் செய்த ஊர் என்று பெயர் வாங்கிய பகுதியில் இதற்கு அலட்சியம் காட்டக் கூடாது.

பட்டறையில் மெயில் தட்டுகிற பையனுக்கும் முதலாளிக்கும் நடக்கும் பேச்சு இப்படி இருக்கும்:

"அண்ணே, லாரி வாடகை தனின்னு சொல்லணும். வீ வுட் லைக் டு கிளாரிஃபை தட் டிரான்ஸ்போர்ட் இஸ் எக்ஸ்ட்ரா, இப்படிப் போட்டுடவா?"

"மொதல்ல போட்ட மெயிலை எடு தம்பி. அதுல என்ன எழுதியிருக்கோம்?"

"சதுர அடிக்கு இவ்வளவு, வீட்டுக்கே கொண்டாந்து தர்ற விலைன்னு இருக்குண்ணே."

"அப்ப அந்தச் சொல்லைப் போடாதே."

அண்ணன் சொன்னதுதான் சரி. பழைய மெயிலைத் திறந்து பார்ப்பதே இதற்குச் சோதனை. அங்கே விலை மட்டும் இருந்து, வாடகை சேர்த்தா சேர்க்காமலா என்று இரண்டு விதமாகவும் படிக்க இடமிருந்தால், கிளாரிஃபை எழுதலாம். ஒரே விதமாகத்தான் படிக்க முடியும், நீங்கள் இப்போது வேறு சொல்கிறீர்கள் என்றால், அது கலங்கலைத் தெளிய வைப்பது ஆகாது. முதலில் எழுதியது தவறு என்றால் "வீ நீட் டு கரெக்ட் அவர் எர்லியர் மெயில்." அப்போது சரியாகத்தான் இருந்தது, இப்போது செலவு கூடியதால் மாற்றுகிறோம் என்றால் "வீ ஹேவ் ரிவைஸ்ட் அவர் பிரைஸ்", கூடவே காரணம். திருத்தம் என்றும் மாற்றம் என்றும் பெயர் சொல்லி எழுதினால் வாடிக்கையாளர் பேரம் பேசுவார், சிலர் ஆர்டரை விடவும் கூடும். தெளிவுபடுத்துகிறோம் என்ற போர்வையில் எழுதினால், படித்தது உன் தவறு என்று அவர் மேலேயே பழி போடுவதாக ஆகிவிடும். அந்தக் கசப்பு போகாது.

அரசாங்கக் காகிதத்திலும் இந்த வேறுபாடு பெரியது. ஜிஎஸ்டி சுற்றறிக்கைகளில் "இட் இஸ் கிளாரிஃபைட் தட்" என்று தொடங்கும் வரிகளைக் கணக்குப் பார்ப்பவர்கள் அறிவார்கள். புதிய விதி எதையும் போடவில்லை, இருக்கிற விதிக்கு இதுதான் பொருள் என்று சொல்வதாக அதற்கு அர்த்தம். விதிக்கு முதலிலிருந்தே இதுதான் பொருள் என்று ஆகிவிடுவதால், பழைய கணக்குகளுக்கும் அது பாயலாம். வரி வழக்குகளில் ஒரு சட்டத் திருத்தம் வெறும் விளக்கமா, புதிய மாற்றமா என்று நீதிமன்றத்தில் வாதாடுவது இதனால்தான். விளக்கம் என்று முடிவானால் முன்தேதியிட்டுச் செல்லுபடியாகும் வாய்ப்பு அதிகம். எனவே அப்படி ஒரு வரியைப் பார்த்தால் இனிமேல்தான் என்று நினைத்து ஒதுக்கிவிடாமல் ஆடிட்டரிடம் காட்டிவிடுங்கள்.

அறிகுறி: பணம் வந்ததா என்று கேட்டீர்கள், சம்பந்தமில்லாமல் நீண்ட விளக்கம் வருகிறது

"பிளீஸ் கிளாரிஃபை த ரிசீட் ஆஃப் அட்வான்ஸ்" என்று எழுதியிருப்பீர்கள். ஆமாம், இல்லை என்ற பதில் வேண்டிய இடத்தில் கன்ஃபர்ம் போடுங்கள். ஆவணத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது வெரிஃபை. கிளியர் என்பது இன்னும் வேறு: "பிளீஸ் கிளியர் த பில்" என்றால் பாக்கியைக் கட்டு என்று பொருள். பில்லில் ஒரு வரி புரியவில்லை என்று சொல்ல வந்தவர் கிளியர் என்று எழுதிவிட்டால், கடன் கேட்டு நெருக்குவது போல ஆகிவிடும்.

அறிகுறி: போன் தானாகவே சொல்லை மாற்றிவிடுகிறது

கிளாரிஃபை, கிளாரிட்டி இரண்டுக்கும் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம், எஃப் இருந்தால் வினை, டி இருந்தால் பெயர். "பிளீஸ் கிளாரிட்டி" என்று போயிருந்தால் விரல் வழுக்கியதாக எடுத்துக்கொள்வார்கள், பாதகமில்லை. கிளாசிஃபை என்று மாறியிருந்தால் மட்டும் உடனே திருத்துங்கள், அது வகைப்படுத்து என்ற வேறு வினை. இறந்த காலத்தில் கடைசி ஒய் போய் ஐஇடி வரும். சொல்லும்போது அழுத்தம் முதல் அசையில்.

அறிகுறி: அலுவலகத்துக்குள் எழுதினீர்கள், சக ஊழியர் பயந்துபோய்விட்டார்

நம் அலுவலகங்களில் "விளக்கம் கேட்டு" ஒரு தாள் வந்தால் அது மெமோ. "கைண்ட்லி கிளாரிஃபை" என்பதற்கும் இங்கே அந்த வாடை ஒட்டிக்கொண்டிருக்கிறது. தணிக்கைக் குறிப்புகளில் அப்படித்தான் வருகிறது. மேலதிகாரி கீழே வேலை பார்க்கும் ஒருவருக்கு அந்த இரண்டு சொல்லை மட்டும் அனுப்பினால், என்ன தப்பு செய்தோம் என்று அவருக்கு மதியச் சாப்பாடு இறங்காது.

உண்மையிலேயே தகவல்தான் வேண்டும் என்றால், ஏன் கேட்கிறீர்கள் என்பதை முதலில் சொல்லிவிடுங்கள். "நாளைக்கு ரிப்போர்ட் அனுப்ப வேண்டும், 14ஆம் பக்கத் தொகையில் போக்குவரத்துச் செலவு சேர்ந்திருக்கிறதா?" என்று தமிழிலேயே கேட்டாலும் நல்லதுதான். ஆங்கிலத்தில் என்றால் "ஜஸ்ட் டு கிளாரிஃபை" என்று தொடங்கலாம். நான் புரிந்துகொண்டதைச் சரிபார்த்துக்கொள்கிறேன் என்ற மென்மை அதில் வந்துவிடும்.

அறிகுறி: சாப்பாட்டு மேசையில் இந்தச் சொல் வந்து விழுகிறது

செட்டிநாட்டு விருந்து சாப்பிட வந்த வெளிநாட்டவர் பருப்பில் விட்ட நெய்யைக் காட்டி "இஸ் திஸ் கிளாரிஃபைட் பட்டர்?" என்று கேட்டால், அவர் விளக்கம் எதையும் தெளிவுபடுத்தச் சொல்லவில்லை. உருக்கித் தெளியவைத்த வெண்ணெயா என்று கேட்கிறார். எஸ் என்று சொல்லிவிட்டால் முக்கால்வாசி சரி. மீதியையும் சொல்வது நல்லது, அவர் ஊருக்குப் போய்ச் செய்து பார்ப்பார்.

வெண்ணெயில் சுமார் 80 சதவீதம் கொழுப்பு, மீதியில் பெரும்பகுதி நீர், கொஞ்சம் பால் திடப்பொருள். மெல்லிய தீயில் உருக்கினால் நீர் வற்றும், திடப்பொருள் பிரியும். அது நிறம் மாறும் முன்பே இறக்கி வடித்தால் அவர்கள் சொல்லும் கிளாரிஃபைட் பட்டர். நாம் அங்கே நிறுத்துவதில்லை. சடசடப்பு அடங்கி, அடியில் கசடு பொன்னிறமாகச் சிவந்து, வாசனை கூடத்துக்கு வரும்வரை விடுவோம். அந்த நேரத்தில் ஒரு கொத்து முருங்கை இலையைப் போட்டு, அது மொறுமொறுவென்று ஆனதும் இறக்குவோம். இதை அவருக்குச் சொல்ல நீளமான ஆங்கிலம் தேவையில்லை:

"இட் இஸ் கிளாரிஃபைட் பட்டர், குக்ட் எ லிட்டில் லாங்கர், வித் முருங்கை லீவ்ஸ். வீ கால் இட் நெய்."

முருங்கைக்கு ஆங்கிலப் பெயர் கேட்டால் மொரிங்கா என்று சொல்லுங்கள், தெரிந்திருக்கும்.